குட்டியை எங்கே மாட்டுவது?

காலை 9.35.

படகு துறையில் வந்து முட்டியபோது அதில் மூன்று பேர் இருந்தார்கள். இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் படுத்திருந்தார். அவருக்கு உயிர் இல்லை.

படுத்திருந்தவரை ஊரில் எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். ஞாயிறு காலை என்றால் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கடலடியில் கிடக்கும் பழைய சரக்குக் கப்பலைப் பார்க்க இறங்கிவிடுவார். இன்றும் இறங்கினார். கூட இறங்கியவர் எஞ்சினியர், வாத்தியார் மனைவியின் அண்ணன். படகின் ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியவர் அவர்தான். மூன்றாமவர் படகுக்காரர்.

துறைமுகக் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி. வாத்தியாரின் முகத்தைப் பார்த்து ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். இருபத்தைந்து வயதில் இதே மனிதரோடு இதே கப்பலுக்கு எத்தனையோ முறை இறங்கியவர் அவர். காது ஜவ்வு கிழிந்த பிறகுதான் விட்டார். போலீஸ்காரர்கள் அழக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் வேலை இருந்தது.

"யாரும் எதையும் கழட்டாதீங்க. முதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க," என்றார்.

முதுகிலிருந்த பெரிய சிலிண்டரில் காற்றின் அளவைக் காட்டும் முள் பூஜ்யத்தில் நின்றது. இடது அக்குளுக்குக் கீழே இரண்டு கொக்கிகளில் ஒரு சின்னச் சிலிண்டர் மாட்டியிருந்தது. அதிலும் பூஜ்யம். அதன் குழாய் மூன்றாக மடிக்கப்பட்டு, வாயில் கடிக்கும் முனையோடு ரப்பர் பட்டைக்குள் செருகப்பட்டிருந்தது. வலது கால் துடுப்பின் வாரில் பழைய வலை நூல் ஒரு பிடி சுற்றியிருந்தது.

அந்தச் சின்னச் சிலிண்டருக்குக் குட்டி என்று பெயர். பெரியது மக்கர் பண்ணினால் மேலே வந்து சேர்வதற்கான மாற்றுக் காற்று அதில் இருக்கும். பல பேருக்கு ஆயுசுக்கும் அது தேவைப்பட்டதில்லை. வாத்தியாருக்கு இன்று தேவைப்பட்டிருக்கிறது, காற்று இல்லை. பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது.

காலை 10.15.

எஞ்சினியர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தார். இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்திருந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

"எத்தனை மணிக்கு இறங்குனீங்க?"

"எட்டு இருபது."

"அப்புறம்?"

"இருபத்தஞ்சு மீட்டர்ல கப்பலோட சுக்கானைப் பாத்துக்கிட்டு இருந்தோம். மச்சான் கையால கழுத்தை வெட்டிக் காட்டினார். காத்து இல்லைன்னு சைகை. குட்டியை வாயில வச்சார். இழுத்துப் பாத்தார். தலையை ஆட்டினார். ஒண்ணுமே வரலை. என் கண்ணால பாத்தேன்."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"பத்தடி தூரம். நான் நெருங்குறதுக்குள்ள பதறி உதறினார். அடிமண்ணு கலங்கிடுச்சு, ஆளைக் காணோம். தேடினேன். என் காத்தும் குறைஞ்சு போச்சு. மேல வந்து படகுல இருந்த இன்னொரு சிலிண்டரை எடுத்துக்கிட்டு மறுபடி இறங்கினேன். வலையில மாட்டிக்கிட்டுக் கிடந்தார்."

"மேல வரும்போது உங்க பெரிய சிலிண்டர்ல எவ்வளவு இருந்துச்சு?"

"அம்பது இருக்கும்."

"இப்ப பூஜ்யம் காட்டுதே."

"படகுலயே திறந்து விட்டுட்டேன். பழக்கம்தான்." டம்ளரைக் கீழே வைத்தார். "நண்டு, குட்டியை நிரப்பிக் குடுத்த காத்துக்காரர் வேணும்னு செஞ்சிருக்க மாட்டார். அவருக்கு வயசாச்சு. மறந்திருப்பார். பாவம்."

நண்டு என்பது இன்ஸ்பெக்டரின் பழைய பட்டப்பெயர். தண்ணீருக்குள் நேராக நீந்தத் தெரியாமல் ஒரு பக்கமாகவே போவார் என்பதால் வந்தது. அந்தப் பெயரை இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து யாரும் சொன்னதில்லை.

காலை 11.20.

காற்றுக்காரரின் கொட்டகை துறைக்குப் பின்னால், மீன் ஏலக்கூடத்தை ஒட்டி இருந்தது. உள்ளே ஒரு கம்ப்ரஸர், நிரப்பும்போது சிலிண்டர் சூடாகாமலிருக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் மேலே பெயின்டில் ஒரு படம். பூகோள உருண்டை என்றால் வாத்தியார், திருகு என்றால் எஞ்சினியர். நண்டுப் படத்தின் கீழே இருந்த ஆணி முப்பது வருடமாகக் காலி. அதில் வேறு எதையும் மாட்டக் காற்றுக்காரருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் அந்த ஆணியைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். இந்தக் கொட்டகையில்தான் நான்கு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தார்கள். ஈர உடையோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்துக்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். குட்டியை எங்கே மாட்டுவது?

எஞ்சினியர் கட்சி: முதுகில், பெரியதோடு சேர்த்து இரும்புப் பட்டையால் இறுக்கிவிட வேண்டும். முன்னால் எதுவும் இடிக்காது, மீன் மாதிரி நீந்தலாம். ஒழுகாமலிருக்க வால்வை மூடி வைத்துவிட்டால் காற்று அப்படியே இருக்கும். காற்றுக்காரர் கட்சி: அவ்வளவு பெரிதே வேண்டாம், டார்ச் அளவு ஒன்று இடுப்பில் போதும், நாலு மூச்சு விட்டால் மேலே வந்துவிடலாம். நண்டு கட்சி: குட்டியே எதற்கு, கூட வருகிறவரின் சிலிண்டரில் இன்னொரு வாய்க்குழாய் இருக்கிறதே. வாத்தியார் மட்டும் இடது அக்குளை விட்டு இறங்கவே மாட்டார்.

"முள்ளைப் பாக்கலாம். வால்வைத் தொடலாம். வேணும்னா கொக்கியைக் கழட்டி அப்படியே இன்னொருத்தர் கையில குடுத்திடலாம். முதுகுல வச்சா உன் கையே உனக்கு எட்டாது மச்சான்," என்பார்.

"யாருக்குத் தானம் பண்ணப் போறீங்க?" என்று எஞ்சினியர் மடக்குவார். சிரிப்பு அடங்க நேரமாகும்.

சண்டையில் யாரும் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு சட்டத்தில் மட்டும் நால்வருக்கும் ஒற்றுமை. குழாயைத் தொங்கவிடக் கூடாது. தொங்கும் குழாய் கப்பலின் துருவில் சிக்கும். வாயிலிருந்து எடுத்த கையோடு மூன்றாக மடித்து, சைக்கிள் ட்யூபை வெட்டிச் செய்த ரப்பர் பட்டைக்குள் செருகிவிட வேண்டும். மறந்தவர் மற்ற மூன்று பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முதல் வருஷம் முழுக்க டீ வாங்கியே ஓய்ந்தவர் எஞ்சினியர்தான். அடுத்த வருஷத்திலிருந்து அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை.

அதெல்லாம் அந்தக் காலம். இப்போது காற்றுக்காரர் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்துமூன்று வயது. எதிரே சப்-இன்ஸ்பெக்டர் ஒரு தாளோடு நின்றார். காலிச் சிலிண்டரைக் கொடுத்து ஒரு உயிர் போகக் காரணமானதாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"மேடம், அவரே ஒத்துக்கிட்டார்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அண்ணே, நேத்து குட்டியை நிரப்புனீங்களா?"

"நிரப்புனேன்னுதான் நினைக்கிறேன் மேடம்."

மேடம். அந்தச் சொல் இன்ஸ்பெக்டரைச் சுருக்கென்று குத்தியது.

"நினைக்கிறேன்னா?"

"போன மாசம் அடுப்பை அணைக்காம வந்துட்டேன். கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டே வீடு முழுக்கத் தேடினேன். மக மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கா." காற்றுக்காரர் தன் கைகளைப் பார்த்தார். "இருநூறு வரைக்கும் ஏத்தினது கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா அது நேத்தா, போன வாரமான்னு கேட்டா எனக்கே தெரியல. என் தப்பாத்தான் இருக்கும். நாப்பது வருஷமா அவருக்கு நான்தான் காத்து. கையெழுத்து போட்டுடுறேன்."

ஜெயிலுக்குப் போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கையால் வாத்தியார் செத்தாரா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு அவரே ஒரு பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு மணி வரைக்கும் பேனாவைத் தொடாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

படகிலிருந்து கொண்டுவந்த சாமான்கள் தொட்டியருகே கிடந்தன. எஞ்சினியரின் பெரிய சிலிண்டர், அதன் முதுகோடு இறுக்கிய அவருடைய குட்டி. குட்டியின் வால்வு இறுக மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் திறந்து பார்த்தார். முள் இருநூறுக்கு ஏறியது, நிறை அளவு. பெரிய சிலிண்டரின் வாய்க்குழாயை விரலால் தடவினார். அடி முனையில் தடித்த ரப்பர் உறை ஒன்று இறக்கி விடப்பட்டிருந்தது.

"அண்ணே, வேலை முடிஞ்சதும் சிலிண்டரை முழுசாத் திறந்து விடுறது உண்டா?"

"காலியா விட்டா உள்ள ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். கொஞ்சமாவது மிச்சம் வச்சுத்தான் கொண்டு வரணும். எஞ்சினியர் அதுல ரொம்ப கறார்." காற்றுக்காரர் நிமிர்ந்தார். "ஏன்?"

"சும்மா கேட்டேன்."

பகல் 12.30.

படகுக்காரர் சுருக்கமாகப் பேசுகிறவர். கடிகாரத்தைப் பார்ப்பது மட்டும் அவருக்கு விட்டுப்போகாத பழக்கம்.

"எட்டு நாப்பத்தொண்ணுக்குப் பெருசா குமிழி வந்துச்சு. சோறு பொங்குற மாதிரி. ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சு."

"எஞ்சினியர் எப்ப வந்தார்?"

"எட்டு நாப்பத்தொம்பது. அதுக்கு முன்னாடி நங்கூரக் கயித்துப் பக்கம் கொஞ்ச நேரம் சின்னச் சின்னதா குமிழி. அங்க நின்னுட்டுத்தான் மேல வந்தார்."

"கையில ஏதாவது இருந்துச்சா?"

"வெறுங்கை."

"வாத்தியாரைப் படகுல ஏத்தினப்ப குட்டியை நீங்க தொட்டீங்களா? குழாயை எடுத்துச் செருகினீங்களா?"

"இல்லம்மா. அதெல்லாம் செருகினபடிதான் வந்துச்சு. என் முட்டியில இடிச்சதால ஞாபகம் இருக்கு."

பகல் 1.15.

வாத்தியாரின் மனைவி நூலகத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உறவுக்காரர்கள் யாரும் நெருங்கவில்லை. அவர் நெருங்க விடவில்லை.

"அண்ணன் சொன்னான், குட்டி காலியாம்," என்றார். "காத்துக்காரர் அண்ணன் கையாலயா? அவர் எங்க வீட்ல ஒரு ஆள் மாதிரி. அவர் மறந்துட்டார்னு நீ சொன்னா நான் கோபப்பட மாட்டேன். ஆனா உண்மையைச் சொல்லு."

"ரெண்டரை மணிக்குக் கொட்டகைக்கு வர முடியுமா?"

"வரேன்." சுவரை விட்டு நிமிர்ந்தார். "கல்யாணமான புதுசுல அந்தக் கொட்டகைக்கு டீ கொண்டு வருவேன், ஞாபகம் இருக்கா? நாலு பேரும் எலி மாதிரி நனைஞ்சு உக்காந்து கத்திக்கிட்டு இருப்பீங்க."

இன்ஸ்பெக்டருக்கு ஞாபகம் இருந்தது. அந்த டீயின் சூடுகூட ஞாபகம் இருந்தது. அவர் எழுந்து கொண்டார்.

பகல் 2.30.

கொட்டகையில் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். காற்றுக்காரர், எஞ்சினியர், படகுக்காரர், வாத்தியாரின் மனைவி, தாளோடு சப்-இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பழைய இடம்.

"காத்துக்காரர் குட்டியை நிரப்பித்தான் குடுத்தார்," என்றார். "அதுலேர்ந்து வாத்தியார் கடைசி வரைக்கும் மூச்சு எடுக்கவே இல்லை."

எஞ்சினியர் தலை நிமிர்ந்தார். "நான் பாத்தேன். வாயில வச்சு இழுத்தார்."

"வச்சார்னா, காத்து வரலைன்னா, உதறினார்னா, அந்தக் குழாய் எங்க இருக்கணும்? தொங்கணும்." இன்ஸ்பெக்டர் காலையில் எடுத்த போட்டோவை நீட்டினார். "மூணா மடிச்சு ரப்பருக்குள்ள செருகியிருக்கு. உயிர் போற நேரத்துல இதைச் செருகிட்டா போவார்?"

"பழக்கமா இருக்கலாம்."

"பழக்கம்தான். ஆனா அவரோடது இல்லை."

மீன் ஏலக்கூடத்தில் யாரோ பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இவரோட குழாயை ஒரு நிறை சிலிண்டர்ல மாட்டித் திறங்க."

காற்றுக்காரரின் கைகளுக்கு மறதி இல்லை. மாட்டினார், திருகினார், வால்வைத் திறந்தார். கொட்டகை முழுக்க ஒரு சீறல் எழுந்தது. வாய்க்குழாயின் ரப்பர் உறை உப்பிப் படபடவென்று அடித்தது. காற்றுக்காரர் வால்வை மூடிவிட்டு உறையை மேலே தள்ளினார். கீழே விரல் நீளத்துக்கு வெடிப்பு.

"வெடிப்பு வெளிய தெரியாம மறைச்சது அந்த உறை. அதனால உங்களுக்கே காலையில தெரியலை," என்றார் இன்ஸ்பெக்டர். "எட்டு நாப்பத்தொண்ணுக்குப் பொங்கின குமிழி உங்களோடது. வாத்தியாரோட குழாயெல்லாம் பழுதில்லாம இருக்கு. அண்ணே, ஆழத்துல இப்படி வெடிச்சா சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ரெண்டு நிமிஷம் தாண்டாது."

"இவர் வெளிய வந்தது எட்டு நிமிஷம் கழிச்சு. மீதி நேரம் எதை மூச்சு விட்டார்? இவரோட குட்டி நிறைஞ்சபடி இருக்கு, வால்வு மூடினபடி இருக்கு. முதுகுல இருந்ததால கை எட்டலை." காற்றுக்காரர் பக்கம் திரும்பினார். "ஒரு குட்டி, பயந்துபோன ஆளுக்கு, அந்த ஆழத்துலேர்ந்து எவ்வளவு நேரம் வரும் அண்ணே?"

காற்றுக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "இருநூறு இருந்தா... ஏழு, எட்டு நிமிஷம்."

சொல்லிவிட்டு அவர் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார்.

"வெறுங்கையோட மேல வந்தீங்க. அப்போ வாத்தியாரோட குட்டியைக் கயித்துலதான் மாட்டி வச்சிருக்கணும். திரும்ப இறங்கும்போது எடுத்துக்கிட்டுப் போய் வாத்தியார் அக்குளுக்குக் கீழ கொக்கியை மாட்டினீங்க. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. குழாயைத் தொங்க விட்டிருந்தா நான் உங்களை நம்பியிருப்பேன். உங்க கை கேக்கலை."

எஞ்சினியர் சுவரில் சாய்ந்தார். அவர் பேசியது காலையில் பேசிய குரலில் இல்லை.

"வெடிச்ச சத்தம் கேட்டதும் எனக்கு ஒண்ணும் புரியலை. கையைப் பின்னால விட்டு விட்டுப் பாக்குறேன், வால்வு எட்டலை. மச்சான் கிட்ட வந்து தன் குட்டியைக் கழட்டினார். என் வாயில வச்சார். மேல போன்னு கையைக் காட்டினார். போயிட்டேன். பின்னாலயே வரார்னு நினைச்சேன். கயித்துல நின்னு கீழ பாத்தேன், வரலை. குட்டியில இன்னும் அறுபது இருந்துச்சு."

நிறுத்தினார்.

"அறுபது இருந்துச்சு. இறங்கியிருக்கலாம். நான் அங்கயே நின்னு அது தீர்ற வரைக்கும் மூச்சு விட்டேன். அந்தக் குட்டியோட படகுக்காரர் முன்னாடி ஏற வெக்கமா இருந்துச்சு, கயித்துலயே மாட்டிட்டேன். திரும்பப் போய்ப் பாத்தா வலையில... தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? குட்டி காலின்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். மத்ததெல்லாம் தானா வந்துடுச்சு."

தங்கை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரே குடுத்தாரா, நீ பிடுங்கினியா?"

"அவரே குடுத்தார். நான் கேக்கக்கூட இல்லைம்மா."

"அவர் குடுப்பார்," என்றார். கண்களைத் துடைக்கவில்லை. "பயந்து அங்க நின்னியே, அதை என்னைக்காவது மன்னிச்சிடுவேன்னு நினைக்கிறேன். காத்துக்காரர் அண்ணனை இப்படி உக்கார வச்சுட்டு வேடிக்கை பாத்தியே, அதை எப்படி மன்னிக்கிறது?"

பொய் வாக்குமூலத்துக்கு வழக்கு உண்டு என்று இன்ஸ்பெக்டர் சொன்னார், அதை எஞ்சினியர் கேட்டதாகத் தெரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளை நாலாக மடித்துக் கிழித்தார்.

காற்றுக்காரர் எழுந்தார். எஞ்சினியரின் எதிரே போய் நின்றார். அடித்துவிடுவாரோ என்று படகுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். அடிப்பதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "காத்து எப்படி இருந்துச்சு? எண்ணெய் வாடை, அது இதுன்னு ஏதும் இல்லையே?"

எஞ்சினியரின் வாய் கோணிக்கொண்டது.

"இல்லை அண்ணே. நல்லா இருந்துச்சு."

காற்றுக்காரர் தலையை ஆட்டினார். அப்புறம்தான் அழுதார்.